கல்லு கரையணும்

"கல்லு கரையணும்னா கேஸ் வச்சுத்தான் ஆகணுமா?"

பால்கனியில் நின்று கணவர் போனில் கேட்டது காதில் விழுந்ததும் டெய்லரம்மா பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. ஊசி துணிக்குள் பாதி இறங்கியபடியே இருந்தது.

"ஆமாங்க, கால்சியம் ரொம்ப இறங்கிடுச்சு... சொட்டுச் சொட்டா வந்தாப் போதுமா? ...சரி, அடைச்சுக்கிச்சுன்னா? ...இல்லைங்க, வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா பயப்படுவா. சனிக்கிழமை வச்சுடலாம்."

மெஷின் சத்தம் நின்றதை அவரும் கவனித்திருக்க வேண்டும். சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நேர்ல பேசிக்கலாம்" என்று முடித்துக்கொண்டார். உள்ளே வந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்த்த மனுஷர். நடுமாடியில் சிக்கிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியிலிருந்து, "ஒண்ணுமில்லைங்க, இதோ ஆச்சு" என்று சொல்லிப் பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான்.

"யாருங்க போன்ல?"

"தொட்டிக்கடைக்காரர்தான்."

கல்லுக்கும் கால்சியத்துக்கும் மீன் தொட்டி விற்கிறவருக்கும் என்ன சம்பந்தம்? அவள் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மத்தியானம் மகளுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பாவுக்குக் கிட்னில கல்லுடீ."

"யாரும்மா சொன்னா?"

"அவரே சொன்னாரு. எங்கிட்ட இல்ல, போன்ல."

"அம்மா, நீ பாதியைக் கேட்டுட்டு மீதியை நீயே தைக்காத. அப்பா மறைச்சா உனக்குத் தெரியாதா?"

"போன தடவை தெரிஞ்சுதா?"

போன தடவை பழைய கம்பெனியில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி, வெளியூரில் தங்க வேண்டும் என்று பை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பும்போது மணிக்கட்டில் பிளாஸ்திரியோடு வந்தார். கம்பி கீறிவிட்டதாம். இதயத்தில் குழாய் வைத்த சங்கதி, மாத்திரை அட்டையைப் பார்த்து மருந்துக்கடைக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. ஊரெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் நெஞ்சு அளவு தெரியாமல் இருந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து உளவு ஆரம்பமானது. அவர் பாத்ரூம் போனால் இவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வேளைக்கொரு முறை பார்லித் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் மடமடவென்று குடித்தார். அதுவே அவள் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது. குற்றமில்லாத மனுஷன் யாராவது பார்லித் தண்ணீரைக் கேள்வி கேட்காமல் குடிப்பானா? தக்காளியை நிறுத்தினாள். இரண்டு நாள் பொறுத்தவர், "தக்காளிக்கும் நமக்கும் எதாவது சண்டையா?" என்றார். "உங்களுக்கே தெரியும்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மகள் கல்யாணத்துக்கு அவள் தைத்துக் கொடுத்து, அன்றைக்கு ஒரு நாள் போட்டதோடு மூட்டையாகிவிட்ட முழுக்கைச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். மணிக்கட்டில் பட்டன்கூட போட்டிருந்தார். அரைக்கைச் சட்டையையே இன்னொரு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்கிற ஆள். எந்த மெஷினைத் தொடுவதற்கு முன்னாலும், அது மிக்ஸியாக இருந்தாலும் சரி, கையை மடித்துவிட்டுத்தான் தொடுவார்.

"என்ன திடீர்னு?"

"தொட்டி உப்புத் தண்ணி பட்டுப் பட்டு கை அரிக்குதும்மா."

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். தொட்டிக்கடைக்காரர் தோளில் ஒரு சிலிண்டரைச் சுமந்துகொண்டு நின்றார். அதன் கழுத்தில் வட்ட மீட்டர், அதிலிருந்து மெல்லிய குழாய்.

"ஐயோ! வீட்டுக்கே ஆக்ஸிஜன் கொண்டு வந்துட்டீங்களா! அவ்ளோ முத்திடுச்சா?"

"என்னம்மா முத்திடுச்சு?"

"கல்லு! அவருக்குக் கல்லு! எனக்கு எல்லாம் தெரியும், மறைக்காதீங்க."

கடைக்காரர் சிலிண்டரைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு அவளையும் பின்னால் வந்து நின்ற கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஆக்ஸிஜன் இல்லீங்கம்மா. சோடாவுல நுரை வருதே, அந்த கேஸ். கல்லு சாருக்கு இல்ல, தொட்டிக்கு."

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "அதான் பார்லியா! அதான் தக்காளி போச்சா! நீ ஏதோ கோவத்துல இருக்கேன்னு நெனச்சு நான் பயந்து குடிச்சிட்டிருந்தேன்டீ!"

அவளும் சிரித்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிப் போயிற்று. உடனே போய்த் தக்காளி நறுக்கலாம் போலிருந்தது.

கூடத்தில் இருந்த அந்தத் தொட்டி அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. மீன்கள் கொஞ்சம்தான். மற்றபடி கடலில் வளர்கிற பவளங்கள். ஊதாவும் பச்சையுமாகக் கிளைவிட்டு, பார்க்கக் கல் மாதிரி, கிட்டே போனால் பூ மாதிரி. கல்லுக்கு உயிர் இருக்கிறது, அது வளர எலும்பு வேண்டும், எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அவர் பாடம் எடுப்பார்; மெஷின் சத்தத்தில் அவள் அதைக் காதில் வாங்கியதில்லை. தினமும் காலையில் இரண்டு பொடிகளைத் தனித்தனியே கரைத்து, ஒன்றை ஊற்றி, காத்திருந்து, மற்றதை ஊற்றுவார். வேறு யார் கையும் அந்தத் தண்ணீரில் படக்கூடாது.

கடைக்காரர் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் மண்டியிட்டு வேலை பார்த்தார். ஒரு கண்ணாடி உருளைக்குள் வெள்ளை வெள்ளையாக உடைந்த துண்டுகளைக் கொட்டினார்.

"இது என்னங்க?"

"செத்த பவளம்மா. தொட்டித் தண்ணி இதுக்குள்ள போகும். கேஸ் சேர்ந்தா தண்ணி கொஞ்சம் புளிக்கும். புளிச்ச தண்ணி இதைக் கரைக்கும். கரைஞ்சது சொட்டுச் சொட்டா மேல போய் உயிரோட இருக்கிறதுக்குச் சேரும்."

"செத்தது கரைஞ்சு இருக்கிறதுக்கு எலும்பாகுதா?"

"அப்படித்தாம்மா."

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். அதற்குள் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. "இதுதான் கணக்கு. கேஸ் எவ்ளோ போகுதுன்னு இந்தக் குமிழி சொல்லும். இந்தத் திருகு மட்டும் சூதானம். அதிகமாத் தொறந்தா எல்லாம் செத்துடும். மூடினாப் பரவாயில்ல, குமிழி நிக்கும், அவ்ளோதான். ரெண்டு நாள் தாங்கும்."

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... குழாய் மடங்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. கையை மடிக்கவில்லை. ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கடைக்காரர் கை முழங்கைவரை அந்தத் தண்ணீருக்குள் இறங்கியபோது கணவர் முகம் சுளிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை.

"தினம் நீங்களே ஊத்திட்டுத்தானே இருந்தீங்க? இப்ப எதுக்கு இந்த மெஷின்?" என்றாள்.

"அது பாட்டுக்கு ஓடிடும்மா. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுல்ல? நான் இல்லாத ரெண்டு நாள்ல அந்த ஊதாக்கிளை வெளுத்தே போச்சே."

இயல்பாகச் சொல்லிவிட்டு, குழாயைப் பற்றி ஏதோ கேட்கப் போய்விட்டார். அவள் கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். போன தடவை. போன தடவை என்று ஒன்றைச் சொன்னால், இந்தத் தடவை என்று ஒன்று இருக்கிறது. போன தடவை மணிக்கட்டில் பிளாஸ்திரி; இந்தத் தடவை முழுக்கைச் சட்டை.

கடைக்காரர் கிளம்பும்போது படிக்கட்டுவரை கூடவே போனாள்.

"எதுக்குங்க இவ்ளோ அவசரம்?"

"தெரியலம்மா. மாசம் பொறக்கறதுக்குள்ள ஓடணும், வீட்டுல அவளுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னார்." படியிறங்கியவர் நின்று திரும்பினார். "வெளியூர் எதாவது போறாரா?"

"ஆமா," என்றாள். "பயிற்சி."

உள்ளே வந்தபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீ ஒண்ணும் பண்ண வேணாம். காலைல குமிழி வருதான்னு மட்டும் பாரு, போதும்" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமல்.

"நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க இருக்கீங்கள்ல?"

"சும்மா சொல்றேன்மா. நீயும் தெரிஞ்சுக்க வேணாமா?"

ஒண்ணுமில்லைங்க, இதோ ஆச்சு. அதே குரல்.

அவர் குளிக்கப் போனதும் அவள் அலமாரிக் கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் ஓடியது. குமிழி ஏறியது, பம்பு முனகியது, மெல்லிய குழாயின் நுனியிலிருந்து ஒரு சொட்டு வீங்கி, தொங்கி, விழுந்தது. யாரும் வேண்டியிருக்கவில்லை அதற்கு. திருகை இரண்டு விரலால் பிடித்து, மெஷினில் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வது போல, மெதுவாக மூடினாள். கதவையும் மூடிவிட்டுத் தையலில் போய் உட்கார்ந்தாள்.

குளித்துவிட்டு வந்தார். முழுக்கைச் சட்டை, பட்டன் போட்டாயிற்று. தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். அலமாரியைத் திறந்தார்.

"ஏம்மா, குமிழி நின்னுடுச்சு!"

"அப்படியா?"

"நீ எதாவது தொட்டியா?"

"எனக்கென்ன தெரியும் அதைப் பத்தி? நீங்க இல்லாம ஓடாதோ என்னமோ."

அவர் குனிந்து பார்த்தார். முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்தார். பழக்கம் யாரை விட்டது? வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய்ப் பட்டனைக் கழற்றியது. அப்புறம்தான் நினைவு வந்ததுபோல அங்கேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வர்றியா?"

"கொண்டு வர்றேன். நீங்க மடிச்சுக்கோங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்து ஒரு மடிப்பு மடித்தார். அவள் தைத்த பட்டி, இரட்டைத் தையல், எந்த மடிப்புக்கும் பிரியாது. இரண்டாவது மடிப்பு முழங்கையை நோக்கி ஏறத் தொடங்கியது. கண்ணாடிக் குப்பிக்குள் கடைசியாக வந்த குமிழி ஒன்று, ஏறவும் இல்லாமல் உடையவும் இல்லாமல், குழாயின் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.