பதினேழாம் நம்பர் தாள்

"கிழிச்சியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"கிழிச்சேன். எத்தனை தடவை சொல்றது?"

"கிழிச்சுட்டு?"

"குப்பையில போட்டேன்."

"உன் சுத்தபத்தத்துல தீயை வைக்க. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்க நீ யாருடீ?"

வெளிநாட்டில், ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில், இரண்டு கட்டிலும் ஒரு ஜன்னலும் மட்டுமே இருந்த அறையில் நடந்த சண்டை இது. கத்தியவள் மருந்துக்கடைக்காரர் மகள். கட்டில் ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் தையல்காரம்மா மகள். தெருவில் அவளுக்குச் சில்லறை என்று பெயர். பள்ளியில் படிக்கும்போதே தெருச் சங்கத்தின் கணக்கில் ஒரே ஒரு காசு உதைக்கிறது என்று மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடினாள். காசு சங்கச் செயலாளரின் சட்டைப்பையில் இருந்தது. அன்றிலிருந்து அவர் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இருவரும் ஒரே தெரு, ஒரே கல்லூரி, ஒரே கணக்குப் படிப்பு. மூன்று வார வெளிநாட்டுப் பயிற்சிக்கு வகுப்பிலிருந்து எட்டுப் பேரைத்தான் எடுத்தார்கள்; அதில் இருவர் நம் தெரு. காலையில் வகுப்பு, மதியம் ஏதாவதொரு கம்பெனி, கடைசியில் சான்றிதழ். மருந்துக்கடை வீட்டில் அதை மாட்டுவதற்கு ஆணியே அடித்துவைத்துவிட்டார்கள். சில்லறைக்கு அது சுவரில் மாட்டும் சமாச்சாரம் அல்ல. ஊரில் ஆடிட்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "அந்த சர்ட்டிபிகேட்டோட வாம்மா, திங்கட்கிழமையே சேர்த்துக்கறேன். இல்லேன்னா அந்த இடத்துக்கு இன்னொரு பையன் இருக்கான்." அந்தப் பையனை அவள் பார்த்தும் இருந்தாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலி இப்போது கனவில்கூட வந்தது.

கடைசி வாரத்துப் பயிற்சி ஒரு குடை கிடங்கில். பெட்டி பெட்டியாகக் குடை. ஒருத்தி எண்ண வேண்டும், ஒருத்தி எழுத வேண்டும். எழுதும் தாள்களில் ஒன்று முதல் அறுபது வரை நம்பர் அச்சடித்திருந்தது. இவர்கள் இருவருக்கும் பதினொன்றிலிருந்து இருபது வரை. தாள் வீணாகிவிட்டால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தூக்கிப் போடக் கூடாது என்று பயிற்சி மேடம் முதல் நாளே சொன்னார். சில்லறை அப்போது நோட்டுப் புத்தகத்துக்கு மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் தாளில் எண்ணிக்கையை வேறு வரிசையில் எழுதி, அடித்து, மேலே எழுதி, மை ஈஷிக்கொண்டது. அந்த அலங்கோலத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாமல், பதினெட்டில் அழகாக எழுதிவிட்டு, பதினேழை நாலாகக் கிழித்துப் போட்டாள். பெரிய உபகாரம் செய்தவள் மாதிரி கையையும் தட்டிக்கொண்டாள்.

மாலையில் மேடம் தாள்களை எண்ணினார். ஐம்பத்தொன்பது.

"அதுல என்ன எழுதியிருந்தது, எதை மறைக்க அது காணாமப் போச்சுன்னு நான் யாரைக் கேட்பேன்? உங்க ஒன்பது தாளையும் எடுத்துட்டுப் போங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள அறுபது தாளும் என் மேசைக்கு வரணும். இல்லேன்னா உங்க ரெண்டு பேருக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த நாட்டு பாஷையில் அதை மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்து தொலைத்தது.

இப்போது மருந்துக்கடைக்காரர் மகள் கத்தி ஓய்ந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இருபதாம் தாள் காலியாத்தானே இருக்கு? அதை ஜெராக்ஸ் எடுத்து, நம்பரை மாத்தி, குறுக்கே ஒரு கோடு. முடிஞ்சது கதை."

"கண்டுபிடிச்சுட்டாங்கன்னா?"

"உன் மூஞ்சியைப் பார்த்தாத்தான் கண்டுபிடிப்பாங்க. நீ வராதே."

சில்லறை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவள் அம்மா சொன்ன கதையில் இந்த இடம் மட்டும் இருக்காது.

அம்மாவுக்குப் போன் போட்டாள். தையல்காரம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிஷின் மிதித்துக்கொண்டே பேசுகிறவள். அதனால் மகளுடைய அழுகை ரகசியமாக நாலு வீட்டுக்குத்தான் கேட்டது.

"வெட்டின துண்டைக்கூடத் துணி கொடுத்தவங்ககிட்டயே முடிஞ்சு கொடுக்கிறவடீ நான். என் வயித்துல பொறந்துட்டு, கிழிச்சதைக் குப்பையில போட்டியா? போய்ப் பொறுக்கு."

"குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வந்துடும்மா."

"அப்போ எட்டு மணிக்குப் போ. இதுக்கெல்லாம் வெளிநாட்டுப் படிப்பா வேணும்?"

வெட்டுத் துண்டுகளை முடிந்து கொடுக்கிற கதையை அவள் சொல்லும்போதெல்லாம் தெருவில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவள் அக்கா பேரனின் சட்டைகளில் பதினாறு நிறம் இருந்ததைப் பற்றியும் யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சில்லறை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கிடங்குக்கு ஆறு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ நிதானமாக இறங்க, இவள் மணியைப் பார்த்தாள். காவலாளியிடம் விஷயத்தைச் சொல்ல வார்த்தை வராமல் காகிதத்தைக் கிழிப்பது போலக் கையால் செய்து காட்டினாள். அவர் பயந்துபோய்க் கதவைத் திறந்தார். பின்கட்டில் ஒன்பது கறுப்புப் பைகள். பெட்டி நார், பிளாஸ்டிக் உறை, காபிக் கோப்பை, முறிந்த குடைக்கம்பி. ஐந்தாவது பையில் ஒரு கால் தாள் கிடைத்தது. ஏழாவதில் இன்னும் இரண்டு. வெளியே வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டாவதைத் தலைகீழாகக் கொட்டித் துழாவினாள். ஒன்பதாவதை ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நாலில் மூன்று. எண்ணிக்கை இருந்தது, மை ஈஷல் இருந்தது, இரண்டு கையெழுத்தும் இருந்தன. நம்பர் அச்சடித்த மூலை மட்டும் இல்லை. காவலாளியிடம் டேப் வாங்கி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினாள். அவசரத்தில் அதுவும் கோணலாகத்தான் ஒட்டிக்கொண்டது.

மேடத்தின் அறைக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி பத்தாக எட்டு நிமிடம். மேடம் சிரித்தார்.

"எதுக்கு ஓடி வர்றே? உன் சிநேகிதி ஒன்பது மணிக்கே கொடுத்துட்டாளே. கோப்புக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்ததாம்."

மேசைமேல் பதினேழு கிடந்தது. வெள்ளை வெளேரென்று, குறுக்கே ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுடன். கீழே சில்லறையின் கையெழுத்து, அவள் போடுவதைவிட அழகாக. மூலையில் நின்ற மருந்துக்கடைக்காரர் மகள் கண்ணாலேயே கதவைக் காட்டினாள். போ. போய்த் தொலை.

பைக்குள் இருந்த கையை வெளியே எடுக்காமல் திரும்பியிருந்தால் சான்றிதழ் வந்திருக்கும், திங்கட்கிழமை வந்திருக்கும், அந்த நாற்காலிப் பையன் வேறு வாசலைப் பார்த்துப் போயிருப்பான். அவள் திரும்பத்தான் செய்தாள். கதவு வரை போனாள்.

அவள் நின்றது நேர்மையால் என்று தையல்காரம்மா இன்றைக்கும் சொல்கிறாள். எங்களுக்கு அவளைத் தெரியும். அறுபது இருக்க வேண்டியது அறுபத்தொன்றாக இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் கொடுமை. ஆயுள் முழுக்க அந்த ஒரு தாள் உதைத்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஒட்டுப்போட்ட தாளை மேசையில் வைத்தாள்.

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளைத் தாளில் இருந்த கையெழுத்தில் விரலை வைத்தார். "இது யார் போட்டது?"

மருந்துக்கடைக்காரர் மகள் முகத்தில் ஈயாடவில்லை.

சான்றிதழ் மாலை நாலு மணிக்கு. சில்லறையின் பெயரையும் கூப்பிட்டார்கள். கொடுத்தார்கள். அடியில் மேடம் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஒரு தாள் துண்டுகளாகப் பெறப்பட்டது, ஒரு துண்டு வரவில்லை.' மற்றவளுக்கு வந்து போனதற்கான கடிதம் மட்டும். மருந்துக்கடைச் சுவரில் அந்த ஆணி வெகுநாள் சும்மா இருந்தது, பிறகு யாரோ அதில் குடையை மாட்டினார்கள்.

ஆடிட்டர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "என்னம்மா இது?" என்றார். சொன்னாள். "திங்கட்கிழமை வா" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் தையல்காரம்மாவைத் தெருவில் கையில் பிடிக்க முடிந்திருக்காது. ஆனால் இரண்டே வருஷத்தில் மருந்துக்கடைக்காரர் மகள் அந்த ஆடிட்டரின் ஒரே மகனைக் கட்டிக்கொண்டு, ஆபீஸ் முன்னறையில் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். சில்லறையின் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போடுவது இப்போது அவள்தான். அந்தக் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறதாம். சில்லறை ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் காலி செய்த வீட்டில் பரண்மேல் ஒரு மூட்டை கிடந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவிழ்த்துக் கொட்டினார்கள். வேடிக்கை பார்க்கப் போன தெருவில் பாதிப் பேர் அவரவர் சட்டைத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தோம்.