லெனோரின் ஜன்னலில் உட்கார்ந்தவள்

என் முகம் எந்தப் படத்திலும் கிடையாது. ஆனால் லெனோர் வேல் நடித்த பதினொரு படங்களிலும் அவள் கன்னத்தில் விழுந்த நிழலை முதலில் வாங்கியவள் நான்தான். விளக்குக்காரர்கள் வெளிச்சத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை அவள் இடத்தில் நிற்பது என் வேலை. தரையில் சாக்பீஸ் கோடு; முகத்தில் ஜன்னல் திரைப் பட்டைகளின் நிழல் வரிவரியாக விழும்; மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடவேண்டும். எல்லாம் சரியானதும் என்னைப் போகச் சொல்லிவிடுவார்கள், மகாராணி வந்து நிற்பாள். ஏழு வருஷத்தில் "கொஞ்சம் இடது பக்கம்" என்பதைத் தவிர அங்கே யாரும் என்னிடம் பேசியதில்லை.

அதனால்தான் லெனோர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தபோது உருகிப்போனேன். கணவர் சந்தேகப்பட்டு ஒரு துப்பறிகிறவனை வைத்திருக்கிறாராம், அவன் தெருவில் காரில் இருந்தபடி வீட்டையே பார்க்கிறானாம். அன்று மாலை மட்டும் தன் கவுனைப் போட்டுக்கொண்டு மாடி ஜன்னலில் உட்காரச் சொன்னாள். ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்தேன். அசட்டுத்தனம்தான். விளக்கைப் போட்டு, பட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மறுநாள் பேப்பரில் வந்தது. மாலிபு கடற்கரை வீட்டில் கணவர் சுடப்பட்டுக் கிடந்தார். லெனோர் மாலை முழுக்க ஜன்னலில்தான் இருந்தாள் என்று அந்தத் துப்பறிகிறவனே சாட்சி சொன்னான். போலீஸ் அவர்கள் வீட்டு டிரைவரைப் பிடித்து உள்ளே போட்டது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். வாயைத் திறந்தால் என்னையும் பிடிப்பார்கள். பத்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராம் நாள் மதியம், மழையில், ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். நனைந்த தொப்பி, சவரம் காணாத முகம். பெயர் டல்லி என்றும், அன்று காரில் இருந்தவன் தான்தான் என்றும் சொன்னார். படப்பிடிப்பில் லெனோரைப் போய்ப் பார்த்தாராம். அவள் ஐந்து நிமிஷம் ஓர் இடத்தில் இருக்கவில்லையாம்.

"அன்னைக்கு ஜன்னல்ல இருந்தவ மூணு மணி நேரம் ஆடல, அசையலம்மா. முகத்தை வெளிச்சத்துக்குக் குடுத்துட்டு அப்படியே இருந்தா. நிக்கிறதையே பொழப்பா வெச்சிருக்கறவதான் அப்படி இருப்பா."

பழக்கதோஷம். வெளிச்சம் பட்டால் எனக்கு அசையத் தெரியாது.

தன்னிடம் வேறு சாட்சியம் எதுவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவார். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மூணு மணி நேரமும் என்னையேவா பாத்துட்டு இருந்தீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "கண்ணை எடுக்கலம்மா. ஒரே ஒரு தடவை தோள் குலுங்குச்சு. அழுத போல. அப்பவும் நீ முகத்தைத் திருப்பல."

அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.

போலீஸ் நிலையத்தில் பெயர் கேட்டார்கள். ஹெஸ்டர் கோவாக் என்றேன். எழுதிக்கொண்டார்கள். சுவரோரம் ஒரு கோட்டில் நிறுத்தி, முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டார்கள். நான் அசையாமல் நின்றேன். இந்தத் தடவை யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என்னையே படம் எடுத்தார்கள்.