இரண்டாம் நம்பர் டிஸ்க்

கல் உடைக்கும் கிரஷரின் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அக்கா, செத்துப்போன புருஷனின் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தம்பியின் கம்ப்யூட்டர் கடை மேசைமேல் அவிழ்த்தபோது சட்டை மடிப்பிலிருந்து கல்தூசி கொட்டியது. மூட்டை அதை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினான். கடையில் அவனுக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டர் படிப்பதற்கு முன் சிமெண்ட் குடோனில் சுமை தூக்கியவன் என்று தெரிந்த நாளிலிருந்து முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். அவன் படித்தது அக்கா தலையில் சுமந்த ஜல்லியால் என்பது முதலாளிக்குத் தெரியாது. அக்கா அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை. “என் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்பதை மட்டும் கிரஷரில் ஒரு கல் விடாமல் சொல்லிவைத்திருந்தாள்.

டிஸ்க்கில் இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பெல்ட்டை நிறுத்திவிட்டு, அடைத்துக்கொண்ட கல்லை எடுக்க மாமா உள்ளே இறங்கியிருந்தார். மேஸ்திரி எட்டிப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டான். வாட்ச்மேன் அதைக் கேட் அறையின் திரையில் பார்த்திருந்தார். கம்பெனியோ, குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை விசாரணை. கம்பெனி சொன்னதே நிலைத்தால் அக்கா கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைவிட, வாழ்நாளில் ஒரு மடக்குக் குடிக்காத மனுஷன் குடிகாரனாகவே செத்ததாக ஆகிவிடும். கம்பெனி ஆட்கள் பெட்டியைத் தூக்கிப் போவதற்குள் வாட்ச்மேன் டிஸ்க்கைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டார். அதற்கு அவர் வேலையும் போயிற்று.

“ஒண்ணு ஆபீஸர்கிட்ட போகட்டும். ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்டா. தொலைஞ்சிபோச்சுன்னு சொல்லிடுவாங்க” என்றாள் அக்கா.

நகல் எடுக்கக் கடையில் ஒரு பழைய டிஸ்க் இருந்தது. யாரோ விற்றுவிட்டுப் போனது. அவர்கள் வீட்டுப் படமெல்லாம் இன்னும் அதில் இருந்தது. அதை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கடைச் சட்டம். துடைக்கும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார், இனி சாயந்தரம்தான் வருவார். மூட்டை இரண்டையும் பக்கம் பக்கமாக இரு ஸ்டாண்டுகளில் செருகி, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தான். பட்டியல் வந்தது. அக்காவுடையது ஒன்றாம் நம்பர், கடையுடையது இரண்டாம் நம்பர். இரண்டும் ஒரே அளவு. அந்தத் திரையில் டிஸ்க்குக்குப் பெயரோ முகமோ கிடையாது, எண்ணும் அளவும்தான்.

அக்கா உட்கார இடம் போதவில்லை. இரண்டு வயரையும் உருவி, ஸ்டாண்டுகளை ஓரமாகத் தள்ளி, மறுபடி மாட்டினான். கடை டிஸ்க்கின் வயர்தான் முதலில் கைக்கு வந்தது. முதலில் மாட்டியதற்கு முதல் எண் விழும். தினமும் பார்க்கிற சங்கதி. பட்டியலை இன்னொரு தடவை கேட்டிருந்தால் அரை நிமிஷம். ஆனால் அக்கா அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமை தூக்கின கையா இது என்கிற மாதிரி பார்த்தாள். அவன் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தான். செலக்ட் டிஸ்க் 2. கிளீன் ஆல். அந்தத் திரை ‘நிச்சயமாகவா’ என்று கேட்கிற சாதி இல்லை. சொன்னதைச் செய்யும்.

இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்றான். அக்கா மாமாவைப் பற்றிப் பேசினாள். பெல்ட்டுக்குள்ளிருந்து எடுத்தபோது வலது கால் செருப்பு மட்டும் காலிலேயே இருந்ததாம். அதைச் சொல்லும்போது அழவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

“நீல லைட்டு மினுக்குதே, அதுலதான் உங்க மாமா இருக்காரா?”

மூட்டை திரும்பிப் பார்த்தான். விளக்கு மினுங்கியது சட்டையின் பக்கத்தில், அக்காவின் டிஸ்க் இருந்த ஸ்டாண்டில். கடை டிஸ்க் அசையாமல் கிடந்தது.

“ஆமாக்கா” என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அழிப்பு முன்னாலிருந்து பின்னால் போகும். மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கும். இப்போது வயரைப் பிடுங்கினால் மிச்சத்தைத் துழாவி எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மிச்சத்தில் இருக்கலாம். வயர் அவன் முழங்கையிலிருந்து ஒரு ஜாண். பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். முன்பக்கமே போனபிறகு என்ன வரப்போகிறது என்று தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டாம் தடவை அது கொஞ்சம் உண்மை மாதிரி இருந்தது. ஜன்னல் வெயில் ஸ்டாண்டின்மேல் விழுந்தபோது அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு, விளக்கு அணைகிறவரை வெயிலுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை வலித்தபோது மறு கையை மாற்றினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முடிந்ததும் திரையில் ஏதேதோ தட்டினான். எல்லாம் வெறும் தட்டல்.

“காலியா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல. முன்னாடியே யாரோ அழிச்சிருக்காங்க.”

அக்கா டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “யாரோன்னா? அந்த வாட்ச்மேன் அண்ணன் கையிலேருந்து நேரா என் கைக்குத்தானே வந்துச்சு?” என்றாள்.

“எனக்கெப்படிக்கா தெரியும்?”

அதற்குமேல் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வது தெரிந்தது. வேலை போனதாகச் சொன்னது நாடகம்; மேஸ்திரியிடம் வாங்கித் தின்றிருக்கிறான்; வெறும் இரும்பைக் கொடுத்து, தாலி அறுத்தவளை அலையவிட்டிருக்கிறான். சட்டையை உதறி மடித்தாள். டிஸ்க்கை எடுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. வாட்ச்மேன். யூனிஃபார்ம் சட்டையைக் கம்பெனி பிடுங்கியிருக்கும். காக்கி பேண்ட்டுக்குமேல் வீட்டுச் சட்டை போட்டிருந்தார். காப்பி எடுத்தாயிற்றா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் மிதித்து வந்திருந்தார். அக்கா வெளியே போனாள். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கதவுக்கு ஐந்து எட்டுகூட இராது.

சத்தம் உள்ளே வரவில்லை. அக்காவின் வாய் அசைந்தது. கிழவரின் சிரிப்பு, விஷயம் புரியாமல், கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. முதல் அறை விழுந்ததும் சைக்கிள் சாய்ந்தது. அவர் அதைத் தூக்கவில்லை, கையை ஓங்கவுமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதன் இரண்டு கால்களையும் நிதானமாக மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.