ஜரிகை சுற்றிய ஃபியூஸ்

காருக்குள் உட்கார்ந்தால்தான் ஸ்ரீமதி சாப்பிடுவாள். அதைப் பழக்கியது யார் என்பதில் சின்னாளபட்டி வீட்டில் ஒரு முடிவும் ஏற்படவில்லை. தண்டாயுதபாணி தன் மூத்த மகள் புவனேஸ்வரியைக் கைகாட்டுவார். புவனேஸ்வரி அப்பாவைக் கைகாட்டுவாள். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. கதவைத் திறந்துவிட்டால் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்கும்.

கார் சிவபிரகாஷுடையது. போன வருடம் அவன் மனைவி ஜீவிதா டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். அதன்பிறகு அவன் குழந்தையையும் வண்டியையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் தனியாக இருந்தான். வேடசந்தூர் நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. மில் பஸ்ஸில் போவான், மில் பஸ்ஸில் வருவான். ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டிக்கு வந்து, குழந்தை விளையாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். ஏன் இப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஜூனில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். நாகல் நகரில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே இடம் கிடைத்திருந்தது. அவன் மில்லிலிருந்து திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக வீட்டுக்கார அம்மா ஜெய்தூன் பீவி சொல்லியிருந்தார். சிவபிரகாஷ் இதையெல்லாம் மாமனார் வீட்டில் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

புவனேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. கணவன் திருப்பூரில். தங்கை போன நாளிலிருந்து ஸ்ரீமதிக்கு எல்லாமே அவள்தான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். அப்பா கூடவே போய்ப் பத்து நாள் இருந்து பார்ப்பார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் குழந்தை திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"சரி" என்றான் சிவபிரகாஷ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைகளை ஏற்றும்போதுதான் வண்டியின் உள்பக்கத்தைச் சரியாகப் பார்த்தான். முன்னால் முருகன் படம். படத்தைச் சுற்றி மாறி மாறி எரியும் சின்ன பல்புகள். முன்சீட்டுகளுக்கு நடுவில் கிளிப் போட்டு மாட்டிய குட்டி மின்விசிறி, முகம் பின்சீட்டைப் பார்த்து. எல்லா வயரும் கியருக்கு முன்னால் இருந்த சார்ஜர் ஓட்டைக்குப் போயின. அந்த ஓட்டையில் மூன்று வாய் வைத்த ஒரு பிளக் செருகியிருந்தது. இரண்டு வாயில் பல்பும் விசிறியும். மூன்றாவது காலி.

"இதுல என்ன இருந்துச்சு மாமா?"

"கெண்டி. கார்லயே பால் சுட வைக்கிற கெண்டி. புவனா ஆன்லைன்ல வாங்குனா. இப்ப சுடமாட்டேங்குது" என்றார் தண்டாயுதபாணி. "முன்னாடி பாருங்க, எஞ்சினை அணைச்சுப்புட்டு லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் போட்டு ஊட்டிக்கிட்டிருந்தோம். ரெண்டு தடவ பேட்டரி உக்காந்துருச்சு. எதுத்த வீட்டுச் சங்கிலிதான் அவன் வேனைக் கொண்டாந்து வயர் போட்டுக் கிளப்பி விட்டான். 'பேத்திக்குச் சோறு ஊட்ட ஒரு பவர் ஹவுஸே வேணும் போல'ன்னு தெருப்பூரா சொல்லிட்டான். இப்பல்லாம் எஞ்சின் ஓடிக்கிட்டிருந்தாத்தான்."

புவனேஸ்வரி தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"ஆறிப்போனாத் தொடமாட்டா. தொட்டுக்கிற வெஞ்சனத்துல மிளகா தெரிஞ்சாத் துப்பிருவா. தூக்கத்துல வலது பக்கமே உருளுவா, செவுத்தோரம் போடுங்க."

"சரி மதினி."

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படி? என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"வெஞ்சனத்துல மிளகா கூடாது."

"கூடாதுன்னா சொன்னேன்? தெரியக் கூடாதுன்னேன்." அவள் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "அப்பா, பார்த்துக்கங்க. ஒண்ணுன்னாலும் உடனே கூட்டிட்டு வந்துருங்க."

குழந்தைக்கென்று வாங்கிய சின்ன சீட்டில் ஸ்ரீமதியை உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டான். தண்டாயுதபாணி முன்னால் ஏறினார். பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது.

வெள்ளோடு பிரிவுக்கு முன்னால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. சிவபிரகாஷ் சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஒரு வேப்பமரத்து ஓரமாக நிறுத்தினான். பின் டயர் பாதிக்கு இறங்கியிருந்தது. எங்கோ சின்ன ஓட்டை. காற்றடித்தால் ஊர் போய்ச் சேரலாம்.

டிக்கியில் புதுப் பம்ப் இருந்தது. இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியது. அட்டையில் எழுதியிருந்ததை அவன் படித்திருந்தான். எஞ்சின் ஓட வேண்டும். பம்ப்பை நேரடியாகச் சார்ஜர் ஓட்டையில் செருக வேண்டும். அதோடு வேறு எதையும் சேர்த்துச் செருகக் கூடாது. அப்படிச் செய்ய வேண்டுமென்றால் மூன்று வாய் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் விசிறி நிற்கும். விசிறி நின்றால் குழந்தை விழித்துக்கொள்ளும். விழித்தால் பெரியம்மாவைக் கேட்கும்.

காலியாக இருந்த மூன்றாவது வாயில் பம்ப்பைச் செருகினான்.

தண்டாயுதபாணி வெளியே நின்று பம்ப்பின் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலதுபக்கம் சிறுமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சிவபிரகாஷ் டயரருகே குந்தியிருந்தான். முதலில் வந்தது வாசனை, சட்டிப்பிடி கருகுவது மாதிரி. அவன் தலையைத் தூக்கினான். கண்ணாடிக்கு உள்ளே, கியர் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இழை எழும்பியது. அவன் பார்க்கப் பார்க்கவே அது தடித்தது. பல்புகள் அதற்குள்ளும் மாறி மாறி எரிந்தன.

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. முன்கதவைத் திறந்து சாவியைத் திருப்பிப் பிடுங்கினான். விசிறி நின்றது. பம்ப் நின்றது. பின்கதவைத் திறந்தான். பெல்ட்டின் பொத்தான் முதல் அழுத்தில் விடவில்லை. இரண்டாவது அழுத்தில் விட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தையும் தாண்டி நடந்தான். போதும் என்று தோன்றியும் இன்னும் கொஞ்சம் நடந்தான். ஸ்ரீமதி விழித்து, இருமி, அழ ஆரம்பித்தாள். அழுகை நல்ல சத்தமாக இருந்தது.

"மாமா, இந்தாங்க. கிட்ட வராதீங்க."

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். நான்கு கதவையும் திறந்துவிட்டான். தீ இல்லை, புகைதான். பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி ஒதுக்கிவைத்தான். புகை மெலிந்து நின்றது. மூன்று வாய் பிளக் ஒரு பக்கமாக உருகி வளைந்திருந்தது. வயரின் தோல் வழிந்து தரைவிரிப்பில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

இவ்வளவு உருகும்வரை ஃபியூஸ் ஏன் போகவில்லை? ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றித் தேடினான். அந்த ஓட்டைக்கான ஃபியூஸைப் பிடுங்கியதும் தெரிந்துவிட்டது. ஃபியூஸின் இரண்டு காலையும் சேர்த்துத் தங்க நிறத்தில் ஏதோ சுற்றியிருந்தது. நெருக்கமாக, ஒழுங்காக, ஒரு பிசிறு இல்லாமல்.

மரத்தடிக்குப் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"இது என்ன மாமா?"

தண்டாயுதபாணி தறியில் உட்கார்ந்து அறுபது வயதைத் தாண்டியவர். பார்க்கவே வேண்டியதில்லை.

"ஜரிகை."

"தெரியுது."

"அசல் ஜரிகை மாப்பிள்ளை. வெள்ளியும் செம்பும் சேந்தது. அந்தக் கெண்டியச் சொருகுன அன்னைக்கு எல்லாம் அணைஞ்சுபோச்சு. பாப்பா வாயைத் தொறக்கமாட்டேங்குது, ஒரே அழுகை. வீட்ல பீஸ் போனா செம்புக் கம்பி சுத்திப் போடுறதில்லையா? நாலு இழையா முறுக்கிச் சுத்துனேன். ரெண்டு மாசமா நல்லாத்தான எரிஞ்சுச்சு?"

"அது எரிஞ்சு போகணும்னுதான் வச்சிருக்கு மாமா. அது போகலேன்னா வேற எதாச்சும் எரியும்."

பெரியவர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். கை மட்டும் தட்டியது.

"பம்ப்ப அதுல சொருகினது நான்" என்றான் சிவபிரகாஷ். "தனியாத்தான் சொருகணும்னு அட்டையில போட்டிருக்கு. படிச்சேன்."

"படிச்சுமா?"

"ஃபேன் நின்னா முழிச்சுருவான்னு விட்டுட்டேன்."

"அப்பச் சரி" என்றார் அவர். "ஆளுக்குப் பாதி."

அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"எங்கப்பா இருக்கீங்க? போய்ச் சேந்தாச்சா?" புவனேஸ்வரி.

தண்டாயுதபாணி மருமகனைப் பார்த்தார். சிவபிரகாஷ் ரோட்டைப் பார்த்தான். சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ அவன் காட்டவில்லை. இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் குழந்தை கையைவிட்டுப் போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெள்ளோடு பிரிவுகிட்ட நிக்கிறோம். வண்டில புகை வந்துருச்சும்மா. பாப்பா நல்லாருக்கா. என் தோள்லதான் கெடக்கா."

"புகையா? நான் தலதலயா அடிச்சுக்கிட்டேன்ல! அரை மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள! ஒரு ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வாங்கப்பா. அவர் போறதுன்னாப் போகட்டும்."

"மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. நான் பண்ணுனது. ஒன் கெண்டிக்குப் போச்சுல்ல பீஸு, அதுல ஜரிகையச் சுத்திவச்சிருந்தேன். அதான் வேலையக் காட்டிருச்சு."

ஒரு லாரி கடந்து போனது.

"ரெண்டு மாசமாவாப்பா?"

"ஆமா."

"அந்தக் காருக்குள்ளதான நான் தெனமும் மூணு வேளையும் உக்காத்திவச்சு ஊட்டுனேன். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு."

ஸ்ரீமதி போனிலிருந்து வரும் குரலைக் கேட்டு, "பெரீம்மா" என்றாள்.

"கூட்டிட்டு வாங்கப்பா" என்றாள் புவனேஸ்வரி. குரலில் இப்போது அதட்டல் இல்லை. "இன்னொரு நாள் போகட்டும். ஒரு வாரம் கழிச்சு. நல்ல நாள் பார்த்து."

சிவபிரகாஷ் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"மதினி, நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுல?"

"பஸ்ல."

"பஸ்ல அவ ஒரு வாய் வாங்கமாட்டா."

"தெரியும். வீட்டுக்குப் போய்க் குடுக்குறேன்."

"வீட்லயும் வாங்கமாட்டா. கார் இருந்தாத்தான்."

"இனி கார்ல ஊட்ட வேணாம் மதினி."

இந்த ஒரு வருடத்தில் அவன் அந்த வீட்டில் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. புவனேஸ்வரி அதைக் கவனித்திருக்க வேண்டும். கோபப்படவில்லை.

"அப்பா கூட வர்றாருல்ல?"

சிவபிரகாஷ் மாமனாரைப் பார்த்தான். அவர் நான்கு கதவும் விரியத் திறந்து கிடந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரலை" என்று போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "வண்டிய இப்படியே போட்டுட்டு எப்படி வர்றது? மெக்கானிக் ஞானராஜ வரச்சொல்லி, வயரெல்லாம் பார்த்து, இழுத்துட்டுப் போகணும். ஆள் நிக்கணும்ல. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துருவேன்."

"பத்து நாள்னு பேச்சு."

"பேச்சுதான். நான் போய் என்னத்தப் பார்க்கப்போறேன் புவனா? பார்த்தவரைக்கும் போதும்."

புவனேஸ்வரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இறங்குனதும் போன் போடச் சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மெக்கானிக் ஞானராஜுக்கு சிவபிரகாஷே பேசினான். வண்டியைக் கிளப்பிப் பார்க்க வேண்டாம், பேட்டரி கழற்றியபடியே இருக்கட்டும், வந்து கட்டி இழுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். சிவபிரகாஷ் டிக்கியிலிருந்து குழந்தையின் பையையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டான். தண்டாயுதபாணி ஸ்ரீமதியை அவனிடம் மாற்றினார். அவள் தாத்தாவின் சட்டைக் காலரை விடவில்லை. அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கடைசி விரலைப் பிரித்தபின் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாரேன் மாமா."

"போங்க. பஸ் வந்துரும்."

டவுன் பஸ்ஸில் கூட்டம் இருந்தது. ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஸ்ரீமதி அவன் மடியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். முகத்தில் புகைக் கறுப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவன் கைக்குட்டையால் துடைத்தான். காற்று அடித்து அவள் முடி அவன் வாயில் விழுந்தது.

"தாத்தா வரலையா?"

"வரலை."

"பெரீம்மா?"

"வரலை."

அவள் அதைப் பற்றி யோசித்தாள். பஸ் தோமையார்புரத்தில் நின்று கிளம்பியது.

"அப்ப யாரு சோறு ஊட்டுவா?"

"நான்."

"ஒனக்கு ஊட்டத் தெரியுமா?"

"தெரியாது."

ஸ்ரீமதி திரும்பி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். உண்மைதான் சொல்கிறான் என்று பட்டிருக்க வேண்டும். அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் இழுத்து மடியில் வைத்து, ஐந்து விரல்களையும் ஒன்றாகக் குவித்தாள்.

"இப்பிடி" என்றாள். "சின்னதா உருட்டணும். அம்புட்டுப் பெருசாப் பண்ணாத."