பிரிக்க வேண்டாத மடிப்பு

"வயித்த எக்காத. எக்கினா அளவு பொய் சொல்லும்."

தையல்காரன் டேப்பை மனைவியின் இடுப்பில் சுற்றினான். எண்ணைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். கைக்குழந்தைக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. அதற்குள் அம்மாவுக்குப் பழைய இடுப்பு வந்துவிட வேண்டுமாம்.

வீட்டின் முன்னறைதான் கடை. புதிதாக எது தைத்தாலும் முதலில் அவள்தான் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். பார்க்கிற பெண்கள், "எனக்கும் இதே மாதிரி" என்று துணியோடு வருவார்கள். "நம்ம கடைக்குப் போர்டு எதுக்கு? மருமகளே போதும்" என்பாள் மாமியார். பிள்ளை பெற்றதில் அந்தப் போர்டு ஊதிப்போனதுதான் வீட்டாரின் பெரிய துக்கம்.

அதனால் சோற்றுக் கரண்டி மாமியார் கைக்குப் போனது.

"பசிக்குது அத்தை. பிள்ளைக்குப் பாலும் பத்தல."

"அதெல்லாம் தானா ஊறும். வாயக் கட்டுனாத்தான் இடுப்பு கட்டும்."

தீனி போடாமல் மாட்டைக் கறக்கப் போனால் ஊரே சிரிக்கும். மருமகள் விஷயத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதலில் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு சிணுங்கியது. அப்புறம் அதுவும் இல்லை.

"என் பேத்தி தங்கம். அழுது பாத்திருக்கியா? பொண்ணுன்னா இப்படித்தான் பொறுமையா இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் பீற்றிக்கொண்டாள்.

ஒரு நாள் டேப் பழைய எண்ணைக் காட்டியது. தையல்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்து அவளைப் போடவைத்தவன், "பாப்பாவத் தூக்கிட்டு வா. சட்ட இறுக்கமா இருக்கும், பிரிச்சு விடறேன்" என்றான்.

மகள் பிறந்ததும் அவன் ஆசையாகத் தைத்த சட்டை அது. வளர வளரப் பிரிக்கலாம் என்று ஓரத்தில் தாராளமாக மடிப்பு விட்டிருந்தான்.

இறுக்கம் பார்க்கச் சட்டைக்குள் விரலை விட்டான். கையே உள்ளே போனது. டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினான். பிறந்தபோது இருந்த அளவுகூட இல்லை. வயிற்றை எக்கத் தெரியாத குழந்தை. அளவு பொய் சொல்லவில்லை.

"என்னடி இது?" அவன் குரல் உடைந்தது.

"அவளும் எளச்சுட்டா. அதையும் பிடிச்சுத் தச்சுடுங்க."

அவள் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுக்களைக்குப் போய், மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கேட்காமலே எடுத்து, தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். நேரே வந்து கடை வாசலில் உட்கார்ந்தாள்.

"தெருவே பாக்குது. உள்ள வாடி!" மாமியார் பதறினாள்.

"பாக்கட்டும் அத்தை. போர்டு வாசல்லதான் இருக்கணும்."

பிடித்துத் தைத்த ரவிக்கையின் கொக்கிகளை அவிழ்த்து, முந்தானைக்குள் குழந்தையை அணைத்தாள். அது கவ்விச் சப்பியது. பால் இறங்கவில்லை. கண்ணீர் தட்டில் விழுந்தது. அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.