ரெத்தினம் படித்த நோட்டீஸ்

"மீன்ங்கிற சொல்லுல முதல்ல வர்ற சத்தம் என்ன?" என்று லத்தீஃபா டீச்சர் கேட்டார்.

ரெத்தினம் எழுந்து நின்று யோசித்தாள். "மீன் எங்க டீச்சர் சத்தம் போடும்?"

மூன்றாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மீன் போடாது, நீ போடுவே. வாய்விட்டுச் சொல்லிப் பாரு. உதடு என்ன செய்யுது?"

"ஒட்டுது."

"ஒட்டிப் பிரியும்போது என்ன சத்தம் வருது?"

ரெத்தினம் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் சத்தமில்லாமல் வாயை அசைத்தேன்.

"மீ" என்றாள்.

"அவ்வளவுதான்" என்று டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

இது எழுபத்தொன்றில். திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். டீச்சர் ராஜகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவருக்கு முன்னால் இருந்த வாத்தியார் கோரஸாகக் கத்த விட்டுவிட்டுத் தூங்குவார். இந்த டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லில் எத்தனை சத்தம், எது முதலில், எது கடைசியில் என்று கேட்பார். "காது பிரிச்சாத்தான் கண்ணு படிக்கும்" என்பார்.

ரெத்தினத்துக்குக் காது பிரிக்கவில்லை. எழுத்தெல்லாம் தெரியும், தனித்தனியாகக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் மரம் என்றால் அவளுக்கு அது மரம், அவ்வளவுதான். அதற்குள் மூன்று துண்டு இருக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. நான் பாடத்தை ஒருமுறை படித்தால் அப்படியே ஒப்பிப்பாள், பக்கம்கூடச் சரியாகப் புரட்டுவாள். தடுமாறும் இடத்தில் என் வாயைப் பார்ப்பாள். நான் இல்லாமல் அவளுக்கு ஆகாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் செய்தேன். நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அவள் அப்பா ஐயாறு, எங்கள் நிலத்தில் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். குத்தகைக்காரர் பேரை சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். பேர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் இறக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவர் வரப்பில்கூட நிற்க முடியாது. ஐயாறு மனுக் கொடுத்திருந்தார். ஜூலைக் கடைசியில் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் ரெத்தினம் பாவாடை மடிப்பிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

"நேத்து தெருவே கூடிப்போச்சுடி. எம்மக படிக்கும்னு அப்பா எங்கிட்ட குடுத்துட்டாரு. விவசாய சங்கத்துல போய்ப் படிச்சுக்கலாம்னு மாமா சொல்லுது, அப்பா கேக்கல."

"நீ என்ன பண்ணினே?"

"படிச்சேன்."

"என்னன்னு?"

"ஐயாறு பேருக்கு நிலம் பதிஞ்சாச்சு, கவலப்பட வேண்டாம்னு."

"அப்படியா போட்டிருந்தது?"

"தெரியல. அதான் எடுத்தாந்தேன். நீ பாத்துச் சொல்லு."

படித்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. ஐயாறு கொடுத்த மனுவுக்கு நில உரிமையாளர் கல்யாணம் ஆட்சேபணை தெரிவித்திருக்கிறார். ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் சாட்சிகளோடு ஆஜராக வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகும்.

கல்யாணம் என் அப்பா.

"என்னடி போட்டிருக்கு?"

தாளை மடித்துக் கொடுத்தேன். "நீ படிச்சதுதான்."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எனக்குப் படிக்க வந்துடுச்சுடி" என்றாள்.

அப்பா மேல் பயமா, அப்பா பேரை அந்தத் தாளில் பார்த்த கூச்சமா, அவள் முகம் வாடக்கூடாது என்பதா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று பதிலாக வருகிறது.

படிக்க வந்துவிட்டது என்று நம்பியவள் சும்மா இருப்பாளா? அந்த வாரமே புதுப் பாடத்துக்கு அவளாகக் கையைத் தூக்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மளமளவென்று ஒரு கதை சொன்னாள். நரி வந்தது, கிணறு வந்தது.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்ல கதைதான். இந்தப் பாடத்துல நரியே இல்லையேம்மா."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவளைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி நிறுத்தி ஏழெட்டுச் சொல் கேட்டார். ஒன்றுக்கும் சத்தம் பிரிக்க வரவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

"இத்தனை நாளா நீதானா?"

"ஆமா டீச்சர்."

"நீ சொல்லிச் சொல்லியே அவ காதை அடைச்சுட்டே, பாகீரதி."

அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அப்போதே நோட்டீஸையும் சேர்த்துச் சொல்லி அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

என்னைக் கடைசிப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். ரெத்தினத்தின் கைக்கு ஒரு பிடி புளியங்கொட்டை வந்தது. சத்தத்துக்கு ஒரு கொட்டை வைக்க வேண்டும். மரம் என்றால் அவள் ஒரே கொட்டைதான் வைத்தாள். பெரிய மரம் என்றால் பெரிய கொட்டையாகத் தேடினாள். ஒரு வாரம் இப்படியே போனது. டீச்சருக்கே சலித்துவிட்டது. ஒரு மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வாய்க்காலுக்கு அழைத்துப் போனார்.

"பாகீரதி, நீ மதகு வழியாப் போய் அந்தக் கரையில நில்லு. ரெத்தினம், அவளைக் கூப்பிடு."

"பாகீரதி."

"காதுல விழல" என்றேன்.

"வயல்ல தூரத்துல நிக்கிற உங்கப்பாவ எப்படிக் கூப்பிடுவே? அப்படிக் கூப்பிடு" என்றார் டீச்சர்.

"பா… கீ… ர… தீ…"

"இன்னொரு தடவ. இந்தத் தடவ ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொட்டையைத் தண்ணியில போட்டுக்கிட்டே கூப்பிடு."

பா என்றாள், ஒரு கொட்டை விழுந்தது. கீ, ஒன்று. ர, ஒன்று. தி, ஒன்று. கையைப் பார்த்தாள். "நாலு போயிடுச்சு டீச்சர்" என்றாள். பிறகு கேட்காமலே, "ஐ… யா… று. மூணு" என்றாள். "வாய்க்காலும் பிரியுமா?"

"பிரிச்சுப் பாரு."

அன்றைக்கு மணி அடிக்கும் வரை ஊரில் இருந்த அத்தனை பேரையும் துண்டு துண்டாக்கி வாய்க்காலில் போட்டாள். நான் எதிர்க்கரையிலேயே நின்றேன். இக்கரைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மூன்று வருஷமாகச் சும்மா கிடந்த எழுத்தெல்லாம் சத்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. தீப்பெட்டி, பஸ் போர்டு, எதையும் விடமாட்டாள். சுவரில் கரியால் எழுதியிருந்ததை, "உ… ழு… ப… வ… னுக்கே" என்று விரல் வைத்துப் படித்தாள். டீச்சர் பூரித்துப்போனார். நான் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் அவள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. எடுத்துப் படித்துவிடுவாளோ என்று பயம். படித்துவிட்டால் தேவலையே என்றும் இருந்தது. நானே போய்ச் சொல்லலாம் என்பது மட்டும் நினைப்போடு நின்றது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "இருபத்தாறாம் தேதி அவன் வரலேன்னா முடிஞ்சுது."

"ஏன் வராம இருக்கப்போறான்?"

"பேர் பதிஞ்சாச்சுன்னு நோட்டீஸ் வந்திருக்காம். பொண்ணு படிச்சாளாம். ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறான்."

"பாவம், நாம சொல்லலாமோன்னோ?"

"நான் எதுக்குடி சொல்லணும்? நானா தப்பாப் படிச்சேன்?"

அம்மா மோர் விட்டாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இருபத்தாறாம் தேதி ரெத்தினம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"வந்துட்டான். சங்கத்து ஆளு, சாட்சி ரெண்டு பேர், எல்லாரையும் கூட்டிண்டு ஒன்பது மணிக்கே வந்து நிக்கறான். பேர் ஏறிடுத்து."

"யாரு படிச்சுச் சொன்னாளாம்?"

"அவன் பொண்ணேதானாம். மூணாங்கிளாஸ் பொண்ணு இதெல்லாம் படிக்குமா? பின்னாடி யாரோ இருக்கா."

ஓடிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். மூச்சு வந்தது. ஆனால் சந்தோஷப்படும் உரிமை எனக்கு இல்லை என்றும் தோன்றியது.

மறுநாள் ரெத்தினம் வந்தாள். முழங்காலுக்குக் கீழே புளிய விளாறு பட்ட தழும்பு இரண்டு.

"அடிச்சாரா?"

"பின்ன? முந்தாநாத்து ராத்திரி படிச்சுக் காட்டினேன். அப்ப மொதல்ல படிச்சது என்னன்னாரு. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதுப்பான்னு தெருவுல நின்னு சொன்னேன். அடிச்சுட்டு, அப்புறம் தூக்கிவச்சுக்கிட்டு அவரே அழுவுறாரு."

"என்கிட்ட காட்டினதைச் சொன்னியா?"

"சொல்லல."

கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "அன்னிக்கு நீ அவசரத்துல சரியா பாக்கலையோ?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"ஆமாடி" என்றேன். "சரியா பாக்கலை."

"அதான நெனச்சேன்" என்று எழுந்து வகுப்புக்குள் போனாள். நம்பினாளா, என்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அவளே ஒரு சாக்கு எடுத்துக் கொடுத்தாளா, தெரியவில்லை.

தை பிறந்ததும் ஐயாறு குத்தகை நெல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கூடவே ஒரு கட்டுக் கரும்பு.

"இது பாப்பாவுக்குங்க."

"அவளுக்கு எதுக்குடா?" என்றார் அப்பா.

"எங்க ரெத்தினம் படிக்கறதுக்குப் பாப்பாதாங்க காரணம். பக்கத்துலேயே ஒக்காந்து சொல்லிக்குடுத்துச்சாம். டீச்சரம்மாவுக்கு முன்னாடியே."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். வண்டி தெருமுனை தாண்டியதும் கேட்டார்.

"நோட்டீஸைப் படிச்சுச் சொன்னது நீதானா?"

"இல்லேப்பா."

"பொய் சொல்லாதே."

"நிஜமா இல்லேப்பா. நான் சொல்லவே இல்லை."

நம்பவில்லை. பத்து நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பெத்த அப்பனைவிட அவன் பெரிசாப்போயிட்டானா என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உள்ளூர என்மேல் பெருமை. யாரும் பார்க்காதபோது தலையைத் தடவி, கரும்பைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவளிடமும் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். "சரி, சரி, தின்னு" என்றாள்.

தின்றேன்.