சுஹறா வீட்டுக் கதவு

மருதமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஸஹ்றா, ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்தாள். தோள்பையில் புதிய சஞ்சிகை இருந்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலர் சமூக நீதிக்காகத் தாங்களே எழுதி வெளியிடும் சஞ்சிகை அது. ஆசிரியர் ஸஹ்றாதான். இந்த இதழின் முதல் கட்டுரையும் அவளுடையதே. தலைப்பு, 'கதவில்லாத வீடு'. அது சுஹறாவின் கதை. சஞ்சிகையை அவள் கையில் கொடுத்து, அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

சுஹறா கைத்தறி நெய்கிறவள். இந்தப் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சுஹறாவின் மாப்பிள்ளை காலிதீனும் வந்தான், இருந்தான், இன்னொருத்தியைக் கல்யாணம் முடித்துக்கொண்டு போனான். போகிறவன் சும்மா போனானா? அவள் வாப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட கதவு ஜன்னல்களையும் கழற்றிக்கொண்டு போனான். சுஹறா வாசலில் பழைய சாறியைத் தொங்கவிட்டாள். மகள் அம்ஹாவுக்குத் தாபரிப்புப் பணம் கேட்டு, முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம் ஏறினாள்.

கட்டுரைக்காக ஸஹ்றா வந்து கேட்டபோது அவள் எதையும் மறைக்கவில்லை. "என்ட பேரு மட்டும் வரப்படா புள்ள" என்றாள். ஸஹ்றாவும் பேரை மாற்றினாள்.

அச்சுக்குப் போகும் முன், கூடப் படிக்கும் நிப்றாஸ் தயங்கினான். "ஊருட பேரையும் எடுத்திருவமா? கதவுக் கதை தெரிஞ்சவங்க இருப்பாங்களே."

"ஊரும் இல்ல, கதவும் இல்ல எண்டா பிறகு கட்டுரையில என்ன இருக்கு? பேர மாத்தித்தானே இருக்கம்."

இதழ் வெளிவந்து ஒரு மாதமாக அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டில் ஸஹ்றாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது வாசலில் சாறி இல்லை. வார்னிஷ் வாசம் போகாத புதுக்கதவு நின்றது. வழக்கு வென்றுவிட்டது என்று மனம் துள்ள அவள் கதவைத் தட்டினாள். திறந்த அம்ஹா, வந்தவளைப் பார்த்ததும் அறைக்குள் போய்விட்டாள். சுஹறா தறியிலிருந்து எழுந்து வந்தாள்.

"கதவு வந்திட்டுது ராத்தா. வழக்கு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுது. நான் வாபஸ் வாங்கிட்டன்."

ஸஹ்றா ஏன் என்று கேட்கும் முன் சுஹறாவே சொன்னாள்.

"நீ எழுதினது போன்ல ஊரெல்லாம் சுத்தினது புள்ள. இந்த ஊருல கதவில்லாத வீடு வேற யாருட்ட இருக்கு? பின்னேரமானாப் பொடியன்மார் வந்து வாசல் சீலையத் தூக்கி எட்டிப் பார்க்கானுகள். ஒருத்தன் போட்டோவும் எடுத்தான். குமர்ப் புள்ள இருக்கிற வீடு. அவள் பள்ளிக்கூடம் போறத்தையும் விட்டுட்டாள். அந்த நேரம் பார்த்து அவர்ர கூடப்பொறந்த காக்கா வந்து, வழக்க விடு, கதவு போட்டுத் தாறம் எண்டார். நான் என்ன செய்யிற?"

"உங்களுக்காகத்தான் எழுதினன் ராத்தா."

"ஓம். எனக்காகத்தான் எழுதின. ஆனா எழுதினத்த எனக்கிட்ட ஒருக்கா வாசிச்சுக் காட்டல்லயே. காட்டியிருந்தா, அந்தக் கதவுக் கதைய எடுத்திரு எண்டு சொல்லியிருப்பன்."

குரலில் கோபம் இருந்தால்கூட ஸஹ்றா தாங்கியிருப்பாள். அது இல்லை. எத்தனையோ தடவை திருத்திய கட்டுரை அது. ஒவ்வொரு வசனத்தையும் யார் யாரிடமோ காட்டி அபிப்பிராயம் கேட்டிருந்தாள். அதற்குத் தன் வாழ்க்கையையே கொடுத்தவளிடம் மட்டும் கேட்கவில்லை. ஒருவருடைய உரிமைக்காகப் பேசுகிறவர் முதலில் மதிக்க வேண்டியது அவருடைய சம்மதத்தைத்தான் என்பதை எந்தப் பாடமும் அவளுக்கு இவ்வளவு வலிக்கச் சொல்லித் தந்ததில்லை. அவள் சஞ்சிகையைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"இனி யாருட கதையையும் அவங்களுக்கு முழுசா வாசிச்சுக் காட்டாமப் போட மாட்டன் ராத்தா. வேணாம் எண்டா வேணாம்தான்" என்றாள் அழுதபடி.

புறப்பட்டவளுக்குச் சுஹறா கதவைத் திறந்துவிட்டாள்.

"நல்லம் புள்ள. அடுத்தவளுக்காவது அவள்ர வழக்கு மிஞ்சும்."